பின் இடது சில்லு

ரெய்னர்ஸ் லேன், லண்டன்
4 செப்டெம்பர் 2024

அன்புத் தங்கை கிளறிற்றாவுக்கு,

நேற்று, செவ்வாய்க்கிழமை மாலை ஆறரை மணியளவில், எங்கள் வீட்டு முன்னறையில் கூடிய கூட்டத்தில், ஹாட்டர்ஸ்லி மோட்டார் வாகனக் கம்பனியின் வரலாற்றுக்குரிய ஆவணங்களைப் பச்சை நிறக் கோப்பில் வைப்பது என்றும், அந்த வரலாறு பற்றி இனித் தொலைபேசியில் பேசுவதில்லை, கடிதம் மட்டுமே எழுதுவது என்றும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. கூட்டத்தில் இருந்தவன் நான் ஒருவன். உன் மச்சாள் அஞ்சலீனா நடுவில் ஒருமுறை எட்டிப் பார்த்து, "இஞ்சருங்கோ, நீலக் கோப்பும் ஒண்டு சும்மா கிடக்குது" என்றாள். அது குறிப்பில் சேர்க்கப்படவில்லை.

நாங்கள் இங்கே கடவுள் தயவால் சுகம். முழங்கால் மட்டும் என்னோடு ஒத்துழைப்பதில்லை. உன் சுகத்தையும் பிள்ளைகள் சுகத்தையும் எழுது.

விஷயம் இதுதான். பஸ் கராஜிலிருந்து ஓய்வு பெற்ற எனக்கு, மகள் பிறின்சி பழைய கார்களைப் பற்றிய அமெரிக்கச் சஞ்சிகை ஒன்றை வரவழைத்துத் தருகிறாள். சென்ற மாத இதழில் ஒரு சில்லு மூடியின் படம் இருந்தது. நடுவில் நட்சத்திரம், அதற்குள் ஓர் எழுத்து. கிளறி, அந்த மூடியை நான் பத்து வருடம் பழப்புளி போட்டு மினுக்கியிருக்கிறேன். நம் கோயில் கூட்டு வண்டியின் மூடி அது. பெருநாளன்று புனித அன்னம்மாளின் சுருவச் சிலையைக் கூட்டுக்குள் வைத்துத் தெருச் சுற்றும் அந்த வண்டியின் அடிச்சட்டம், இந்தியானா மாநிலத்தில் 1909 முதல் 1911 வரை, முப்பத்தொரு மாதம் மட்டுமே வாழ்ந்த ஒரு கம்பனியின் கார்.

கம்பனியை நடத்தியவர்கள் எலையாஸ், ஏமஸ் என்று இரண்டு சகோதரர்கள். அதற்கு முன் கோழி முட்டை பொரிக்க வைக்கும் பெட்டி செய்தவர்கள். காரைத் திருப்பும் சக்கரம் வலப்பக்கம் இருக்கவேண்டும் என்றார் மூத்தவர். இடப்பக்கம் என்றார் இளையவர். சண்டை முற்றி, ஒரே கட்டடத்தின் இரண்டு மாடிகளில் இருந்துகொண்டு கடிதத்தில் மட்டும் பேசினார்கள். கடைசியில் சக்கரத்தை நடுவில் வைத்தார்கள். எட்டு மாதத்தில் கம்பனி மூடப்பட்டது. அந்தக் கடிதங்கள் இல்லாவிட்டால் இன்று ஹாட்டர்ஸ்லிக்கு வரலாறே இல்லை. அதனால்தான் நமக்கும் கடிதம். தொலைபேசியில் நான் ஏதும் கேட்டால் நீ "லைன் கிளியர் இல்லை அண்ணை" என்று வைத்துவிடுவாய்.

அவர்கள் செய்த இருநூற்றுப் பன்னிரண்டு கார்களில் மூன்றுதான் மிஞ்சியிருப்பதாக அந்நாட்டு ஹாட்டர்ஸ்லி நினைவுக் கழகம் நம்புகிறது. நம்முடையது நான்காவது. பதிவேட்டில் சேர்க்க ஒரு படிவம் தந்திருக்கிறார்கள். அடுத்த ஆண்டு மே முடிவதற்குள் போய்ச் சேரவேண்டும். அடிச்சட்டத்தின் இலக்கம் வேண்டும். நான்கு சில்லுகளின் நிலை வேண்டும். மாற்றிய பாகம் இருந்தால் எந்த ஆண்டு, என்ன காரணம் என்று எழுதவேண்டும். பார்த்து எழுது.

அன்பு அண்ணன்,
கிறிஸ்துராஜா


இயேசு மரி சூசை
மன்னார்
29 செப்டெம்பர் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தைத் தபால்காரர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து தந்தார். "ஆரும் மோசம் போட்டினமோ அக்கா?" என்று கேட்டார். இந்தக் காலத்தில் லண்டனிலிருந்து கடிதம் வந்தால் சாவுச் செய்தி என்றுதான் நினைக்கிறார்கள். நாங்கள் எல்லோரும் சுகம். மச்சாளுக்கும் பிறின்சிக்கும் எங்கள் அன்பு.

இலக்கம் பார்ப்பது நீங்கள் நினைப்பதுபோல் லேசான காரியம் இல்லை. நேர்த்திக்கடன் வைத்தவர்கள் வருடா வருடம் வண்டிக்குப் பெயின்ற் அடித்து அடித்து, சட்டம் இப்போது இரண்டு மடங்கு தடிப்பு. பெயின்றைச் சுரண்டுவது பிறருடைய நேர்த்தியைச் சுரண்டுவதாகும் என்று பங்குச்சபையில் ஒருவர் எழும்பி நின்று சொன்னார். ஒன்றரை மணி நேரம் கதைத்தார்கள். ஓர் உள்ளங்கை அளவு சுரண்டலாம், சுரண்டிய தூளைக் கோயில் வளவுக்குள்ளேயே கிடங்கு வெட்டித் தாழ்க்கவேண்டும் என்று முடிவானது. மழைக்கு முன் என் மகன் றொஷான் அடியில் புகுந்து பார்ப்பான்.

முன் சில்லு இரண்டும் நீங்கள் விட்டுப்போன அதே மரச் சில்லுகள்தான். பின் வலது சில்லில் ஓர் ஆரக்கால் மட்டும் பாலைமரத்தில் செய்து போட்டது.

இந்த முறையாவது பெருநாளுக்கு வருவீர்களா? முப்பத்தொன்பது வருடமாகிறது.

அன்புத் தங்கை,
கிளறிற்றா


ரெய்னர்ஸ் லேன்
21 ஒக்டோபர் 2024

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் பதினேழு நாளில் வந்தது. கோப்பில் இரண்டாம் ஆவணமாகச் சேர்க்கப்பட்டுள்ளது. எங்களுக்குக் குறையொன்றுமில்லை, குளிர் தொடங்கிவிட்டது. அங்கே எல்லோரும் சுகமாக இருப்பீர்கள்.

பங்குச்சபையின் முடிவை மதிக்கிறேன். ஹாட்டர்ஸ்லி கம்பனியின் இயக்குநர் சபை இவ்வளவு கவனமாக இருந்திருந்தால் நீடித்திருக்கும். அவர்களுடைய விளம்பர வாசகம் 'மூன்று தலைமுறைக்கு ஒரு கார்' என்பது. கம்பனி மூன்று வருடம் நிற்கவில்லை. வாங்கியவர்களில் பெரும்பாலோர் முதல் மாதத்திலேயே திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். நம் கார் அப்படித் திரும்பி வந்த ஒன்றாக இருக்கலாம், மலிவாகக் கப்பலேறியிருக்கும். அப்பா சொல்வது உனக்கு நினைவிருக்கும்: கொழும்பு வியாபாரி ஒருவர் அதை மன்னாருக்குக் கொண்டுவந்து மணலில் புதையவிட்டு, உயிரோடு வெளியே போனால் காரை அன்னம்மாளுக்கே தருவதாக நேர்ந்துகொண்டார். நடந்தே வெளியே போனார். கார் நின்றது. எஞ்சினைக் கழற்றி ஒரு வள்ளத்தில் பூட்டினார்கள். வள்ளம் எஞ்சினோடு கடலுக்குள் மூழ்கிப்போனது.

நிற்க. நீ மூன்று சில்லுகளைப் பற்றி எழுதியிருக்கிறாய். காருக்கு நான்கு சில்லுகள் என்பதில் மட்டும் ஹாட்டர்ஸ்லி சகோதரர்களுக்கிடையே கருத்து வேறுபாடு இருக்கவில்லை. பின் இடது சில்லின் நிலை என்ன? அது என் சில்லு என்பதால் கேட்கிறேன். ஒவ்வொரு சில்லுக்கும் ஒருவர், கையில் எண்ணெயும் தடைக்கட்டையும் வைத்துக்கொண்டு நடக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறதல்லவா? பத்தொன்பது வயதிலிருந்து இங்கே வரும்வரை நான் அந்தச் சில்லோடு நடந்தேன். தொண்ணூறாம் ஆண்டு அப்பா நெஞ்சுவலியில் போகும்வரை வண்டி அவர் பொறுப்பில் இருந்தது. அவர் இருந்தவரை ஒன்றும் பழுதாகியிராது.

வருவது பற்றி: பதிவேடு அச்சாகட்டும், பார்ப்போம்.

அன்பு அண்ணன்,
கிறிஸ்துராஜா


இயேசு மரி சூசை
மன்னார்
2 டிசெம்பர் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

சுகமாக இருக்கிறோம். மழை பிடித்துவிட்டது, கிணறு கையால் தொடும் அளவில் நிற்கிறது. உங்கள் முழங்காலுக்குக் குளிர் ஆகாது, காலுக்கு மேசும் இரண்டு சோடி போடுங்கள்.

றொஷான் சுரண்டினான். மேலே நீலம், அதன் கீழ் வெள்ளை, பிறகு மஞ்சள், திரும்ப நீலம், ஒரு சிவப்பு, பிறகு பச்சை, கடைசியில் கறுப்பு. அதற்கும் கீழே இரும்பில் 207 என்று வெட்டியிருக்கிறது. அவன் அடியில் கிடந்தபடியே சத்தம் போட்டான்: "அம்மா, மாமாவிட்டைச் சொல்லுங்கோ, லொத்தர் விழுந்திட்டுது!" வெளியே நின்றவர்கள் பரிசு எவ்வளவு என்று கேட்டார்கள். படம் இதோடு வைத்திருக்கிறேன்.

பின் இடது சில்லு மாட்டுவண்டிச் சில்லு. மாற்றியிருக்கிறார்கள்.

மச்சாளுக்கு மல்லித்தூள் முடிந்திருக்கும். இங்கிருந்து ஒருவர் தையில் வருகிறார், கொடுத்துவிடுகிறேன். எல்லோருக்கும் நத்தார் வாழ்த்துகள்.

அன்புத் தங்கை,
கிளறிற்றா


ரெய்னர்ஸ் லேன்
5 ஜனவரி 2025

அன்புத் தங்கைக்கு,

புத்தாண்டு ஆசீர்வாதங்கள். நாங்கள் நலம், நீங்களும் அவ்வாறே இருக்க இன்றைய பூசையில் மன்றாடினோம்.

207ஆம் இலக்கத்தைக் கழகச் செயலாளருக்கு அறிவித்தேன். மிகவும் மகிழ்ந்துபோனார். வண்டி உச்ச வேகமாக எவ்வளவு ஓடும் என்று கேட்டிருந்தார். ஐம்பத்துமூன்று மணிச் செபமாலை சொல்லி முடிக்கும் நேரத்தில் கோயிலைச் சுற்றி ஒருமுறை என்று பதில் எழுதினேன். எஞ்சின் இல்லை என்பதைத் தெரிவித்தேன். எஞ்சின் இருந்தபோது மற்ற ஹாட்டர்ஸ்லிகளும் ஏறக்குறைய அப்படித்தான் ஓடின என்று அவர் எழுதியிருக்கிறார்.

சில்லு விஷயத்தில் அவர் விட்டுக்கொடுப்பதாக இல்லை. மாற்றிய ஆண்டும் காரணமும் இல்லாமல் படிவத்தை ஏற்கமாட்டார். ஆகவே நானே விசாரிக்கத் தொடங்கினேன். அந்நாளில் மன்னாரில் லொறி ஓடிய சண்முகராசா இப்போது லூயிஷாமில் இருக்கிறார். மூன்று ரயில் மாறிப் போனேன். அங்கு நடந்ததை ஆவணத்துக்காக அப்படியே தருகிறேன்.

"சண்முகராசா அண்ணை, எங்கட கூட்டு வண்டியின்ர பின் இடது சில்லு ஞாபகம் இருக்கோ?"

"ஏன் இல்லை? கொப்பர் கையிலை எண்ணெய்ப் போத்தலோட அந்த றோட்டிலை..." என்றவர் நிறுத்திவிட்டு மனைவி சிவனேஸ்வரியைப் பார்த்தார்.

"வடை ஆறப்போகுது தம்பி, சாப்பிடுங்கோ" என்றார் சிவனேஸ்வரி.

"அது சரி, நீர் பஸ் பாஸ் எடுத்திட்டீரோ?" என்றார் அவர்.

அந்தப் பாஸ் எட்டு வருடமாக என் சட்டைப்பையில் இருக்கிறது. இருந்தும் அடுத்த நாற்பது நிமிடம் மூவரும் பஸ் பாஸ் பற்றிப் பேசினோம். வீட்டுக்கு வந்தபோது அஞ்சலீனா கதவடியில் நின்று, "என்னவாம்?" என்றாள். "பஸ் பாஸ்" என்றேன். அவள் சிரித்தாள். நான் பகிடி ஒன்றும் விட்டிருக்கவில்லை.

எந்த றோட்டு, கிளறி? அப்பா தொண்ணூறில் வீட்டில் படுக்கையில் போனதாகத்தானே எழுதினாய்?

அண்ணன்,
கிறிஸ்துராஜா


ரெய்னர்ஸ் லேன்
20 பெப்ரவரி 2025

அன்புத் தங்கைக்கு,

சுகம். சுகமறிய ஆவல். மல்லித்தூள் வந்து சேர்ந்தது. அதனுள் கடிதம் எதுவும் இருக்கவில்லை.

என் ஜனவரி ஐந்தாம் திகதிக் கடிதம் கிடைத்திராவிட்டால் என்பதற்காகப் பிரதியொன்றை இணைத்துள்ளேன். கிடைத்திருந்தால் இதை நினைவூட்டலாகக் கொள்க.

கிறிஸ்துராஜா


இயேசு மரி சூசை
மன்னார்
19 மார்ச் 2025

அன்புள்ள அண்ணைக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. இன்று சூசையப்பர் திருநாள். பூசைக்குப் போய்வந்து எழுதுகிறேன்.

சில்லு மாற்றியது 1990, ஓகஸ்ட். சண்டை தொடங்கி ஊரோடு வெளிக்கிட்டபோது அன்னம்மாள் சுருவத்தை விட்டுப்போக யாருக்கும் மனம் வரவில்லை. கூட்டு வண்டியில் சுருவத்தை வைத்தோம். நடக்க ஏலாத மூன்று கிழவிகளையும் ஏற்றினோம். வண்டியை எல்லோருமாக இழுத்துக்கொண்டு மடு றோட்டில் போனோம். அப்பா பின் இடது சில்லோடு நடந்தார். சில்லு கத்தத் தொடங்கியது. "கொஞ்சம் நிப்பாட்டுங்கோடா" என்று சொல்லிவிட்டு அப்பா குனிந்து எண்ணெய் விட்டார். அப்போதுதான் றோட்டோரம் ஷெல் விழுந்தது. சில்லு அந்த இடத்திலேயே போனது. அப்பா பின்னேரம்வரை இருந்தார்.

அவரை றோட்டிலிருந்து நாற்பது அடி உள்ளே, ஒரு பாலைமரத்தடியில் அடக்கினோம். கைவிட்டுக் கிடந்த மாட்டுவண்டி ஒன்றின் சில்லைக் கழற்றிப் பூட்டிக்கொண்டு திரும்ப இழுத்தோம். கிழவிகளை விட ஏலாதே.

உங்களுக்கு என்ன எழுதுவது என்று அம்மாவும் நானும் பங்குச் சுவாமியும் இருந்து யோசித்தோம். அப்போது உங்களுக்கு விசா இல்லை. வந்தால் திரும்பிப் போக ஏலாது. "அவன் கேள்விப்பட்டால் வெளிக்கிட்டு வந்திடுவான்" என்றா அம்மா. சுவாமி, பொய் எழுதக் கூடாது என்றார். அம்மா கடதாசியையும் பேனையையும் என் பக்கம் தள்ளினா. பிறகு, "நெஞ்சிலை நோ எண்டு எழுது பிள்ளை. பொய்யில்லை" என்றா. காயம் நெஞ்சில்தான். நான் எழுதினேன். வீட்டில், படுக்கையில் என்பதை நானாகச் சேர்த்தேன்.

உங்களுக்கு விசா கிடைத்த பிறகு சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு வருடமும் நினைப்பேன். சொல்லாததற்குக் காரணம் ஷெல் இல்லை. அது உங்களுடைய சில்லு. நீங்கள் போன பிறகு அதில் வேறு ஆளை விடச் சொல்லி எத்தனையோ பேர் அப்பாவைக் கேட்டார்கள். "அவன் வரட்டும். அதுவரைக்கும் நான் பிடிக்கிறன்" என்றுதான் அவர் சொன்னார். ஐந்து வருடம் பிடித்தார்.

தொலைபேசியில் கேட்டிருந்தால் லைன் கிளியர் இல்லை என்று வைத்திருப்பேன். கடிதம் என்று முடிவெடுத்தது நீங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை,
கிளறிற்றா


ரெய்னர்ஸ் லேன்
2 மே 2025

அன்பான மச்சாள் கிளறிற்றாவுக்கு,

அஞ்சலீனா எழுதுகிறேன். உங்கள் அண்ணை எழுதாததால் பயந்திருப்பீர்கள். சாப்பிடுகிறார், நித்திரை கொள்கிறார், ஞாயிறு பூசைக்கு வருகிறார்.

உங்கள் கடிதத்தை முன்னறையில் நின்றபடியே வாசித்தார். பிறகு துளை போடும் சாமானை எடுத்து, எழுத்தில் படாமல் பார்த்துத் துளை போட்டு, பச்சைக் கோப்பில் வைத்தார். அதன் பிறகுதான் என்னைக் கேட்டார்.

"உமக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"எப்ப இருந்து?"

"கலியாணத்துக்கு முதலே தெரியும்."

"பிறின்சிக்கு?"

"அவளுக்கும்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு வீட்டிலிருந்த எல்லாக் கதவுப் பிணைச்சலுக்கும் எண்ணெய் விட்டார். வாசல் கேற்றுக்கும் விட்டார். பக்கத்து வீட்டுக் கிழவர் கேட்காமலே அவருடைய கேற்றுக்கும் விட்டார். இப்போது இந்த வீட்டில் ஒரு கதவும் சத்தம் போடுவதில்லை. அவர் எங்கே நிற்கிறார் என்று எனக்குத் தெரிவதில்லை.

நேற்று அந்தப் படிவத்தைத் திரும்ப மேசையில் கண்டேன்.

நீங்கள் அவருக்குச் சொன்னதுதான் சரி, மச்சாள். நான்தான் முப்பத்துமூன்று வருடம் பக்கத்தில் இருந்தும் சொல்லவில்லை.

அன்புடன்,
அஞ்சலீனா


ரெய்னர்ஸ் லேன்
7 ஜூலை 2025

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் மார்ச் மாதக் கடிதத்துக்குப் பதில் எழுதத் தாமதமானது. அது ஏழாம் ஆவணம்.

படிவத்தை மே மாதம் அனுப்பினேன். பதிவேட்டின் அச்சுப் பிரதி இன்று வந்தது. 207ஆம் இலக்கத்துக்கான பதிவைத் தமிழில் தருகிறேன்.

'இருப்பிடம்: மன்னார், இலங்கை. உரிமையாளர்: திருமதி எஸ். அன். எஞ்சின்: இல்லை. நிலை: ஓடுகிறது. பின் இடது சில்லு: மூலச் சில்லு அல்ல; 1990இல் மாற்றப்பட்டது. விநியோகித்தவர்: எம். சவிரிமுத்து.'

உரிமையாளர் புனிதை என்பதை விளக்கியிருந்தேன். திருமதி என்று எழுதுவது மரியாதை என்று நினைத்திருப்பார்கள். சில்லைப் பொறுத்தவரை, காரணம் எழுதத் தந்த கட்டம் ஒன்றரை அங்குலம். அதில் அப்பாவின் பெயரை மட்டும் எழுதினேன். செயலாளர் அதைச் சில்லு விற்றவரின் பெயர் என்று எடுத்து, வேறு கட்டத்துக்கு மாற்றிவிட்டார். திருத்தம் கேட்கவில்லை. கழகப் பதிவேட்டில் இருக்கும் பெயர்களில் வாக்கு மாறாதவர் என்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். ஹாட்டர்ஸ்லி சகோதரர்களை நான் நன்றாகப் படித்திருக்கிறேன்.

உன்னைக் குறைகூற இந்தக் கடிதம் எழுதவில்லை. அம்மா சொன்ன வசனத்தில் ஒரு சொல்லைக்கூட நான் மாற்றியிருக்கமாட்டேன்.

ஒரு விபரம் வேண்டும். இப்போது பின் இடது சில்லோடு யார் நடக்கிறார்?

பதில் எழுத நேரம் போதாது. பெருநாளுக்கு வருகிறேன், 21ஆம் திகதி விமானம். தொலைபேசியில் சொன்னாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

அண்ணன்,
கிறிஸ்துராஜா


இயேசு மரி சூசை
மன்னார்
28 ஜூலை 2025

அன்பான மச்சாளுக்கு,

அண்ணை சுகமாக வந்து சேர்ந்தார். கைப்பையில் வைத்த எண்ணெய்க் குப்பியை உங்கள் விமான நிலையத்தில் எடுத்துவிட்டார்களாம். அதைத்தான் முதலில் சொன்னார். வரும் வழியில் மடு றோட்டில் வான் வண்டியை நிற்பாட்டச் சொன்னார். றொஷான் கூட்டிக்கொண்டு போய்ப் பாலைமரத்தைக் காட்டிவிட்டு வந்து வானில் இருந்தான். பத்து நிமிடத்தால் அண்ணை வந்து ஏறினார். "போவம்" என்றார்.

அவர் கேட்டதற்குப் போனிலேயே சொன்னேன். தொண்ணூறுக்குப் பிறகு அந்தச் சில்லோடு யாரும் நடப்பதில்லை. அப்பா வேறு ஆளை விடவில்லை, நாங்களும் விடவில்லை. மாட்டுவண்டிச் சில்லு என்பதால் அது பாட்டுக்குக் கத்திக்கொண்டு வரும், ஊருக்குப் பழகிவிட்டது.

அவருக்கு முழங்கால் ஏலாது என்று பங்குச்சபைக்குச் சொன்னேன். முந்தி நேர்த்தியைச் சுரண்டக் கூடாது என்று நின்ற அதே மனுசன்தான் எழும்பி, "அவரின்ர சில்லு, அவர் பிடிக்கட்டும்" என்றார். இந்த முறை ஒன்றரை மணி நேரம் கதைக்கவில்லை. பெருநாளன்று அண்ணைக்கு ஒரு போத்தல் நல்லெண்ணெயும் தடைக்கட்டையும் கொடுத்தார்கள். தெருவுக்குத் தெரு நிற்பாட்டச் சொல்லி, குனிந்து எண்ணெய் விட்டார். குனிவதை விட நிமிர்வதுதான் அவருக்குக் கஷ்டம். இழுக்கிறவர்கள் கயிற்றைத் தளர்த்திக்கொண்டு நின்றார்கள்.

அடுத்த மாதம் பன்னிரண்டாம் திகதி அண்ணையை அனுப்பிவிடுகிறேன். பிறின்சிக்கு என் முத்தம்.

அன்புடன்,
கிளறிற்றா

பி.கு.: கூடு வழக்கமாக ஏழேகாலுக்குக் கோயிலுக்குள் ஏறும். இந்த முறை எட்டு ஐந்துக்கு ஏறியது.